முட்டு எடுத்த நாள்

எனக்குப் பயம் புதிதாக வந்த சமாச்சாரம் இல்லை. பல்லி விழுந்தால் பயம், குக்கர் விசில் வரத் தாமதமானால் பயம், செல்போனில் தெரியாத எண் வந்தால் பயம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வைத்திருக்கும் தையல் கடைக்கு ரவிக்கை கொடுக்க வரும் பெண்களுக்குக்கூட இது தெரியும். "அக்கா, கால்கிட்ட தேளு" என்று சொல்லி என்னை ஸ்டூல் மேல் ஏற்றிவிட்டுச் சிரிப்பார்கள். அதனால் நாங்கள் கட்டப்போகும் மண் வீட்டுக்கு நான் பயந்தபோது யாரும் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இவள் எதற்குத்தான் பயப்படவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் மண்ணுக்கு நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. நான் பிறந்து வளர்ந்தது அம்மையார்குப்பத்தில். எங்கள் வீட்டுச் சமையற்கட்டின் சுவர் மண் சுவர். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு பகலில், அம்மா சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். பானையைக் கீழே வைத்துவிட்டு அவள் நிமிர்வதற்குள் பின்னால் ஏதோ நடந்தது. பெரிய சத்தம் இல்லை. நனைந்த துணி மூட்டையை யாரோ போட்டது போல ஒரு 'பொத்', அவ்வளவுதான். ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்பைக் காணோம், அம்மியைக் காணோம், சுவர் இருந்த இடத்தில் பக்கத்து வீட்டு முருங்கை மரம் தெரிந்தது. "சோறு தப்பிச்சிது" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சத்தம் என் காதிலேயே தங்கிவிட்டது. அதற்கப்புறம் மழைக்காலத்தில் நான் சுவரோரம் படுத்ததே கிடையாது.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். விசைத்தறி ஓட்டியவர். எனக்கு வர வேண்டிய தைரியத்தையும் சேர்த்து அவரே எடுத்துக்கொண்டுவிட்டார் என்று அம்மா சொல்வாள். இடிந்த சுவரைப் பார்த்துவிட்டு அவர் செய்தது, சேற்றில் இறங்கி அம்மியைத் தேடியதுதான். "வுழுறது வுழட்டும், மழ வுட்டா கட்டிக்கலாம்" என்றார். அடுத்த வருடமே அந்த இடத்தில் சிமெண்ட் சுவர் எழுப்பினார். நான் பயந்து மிரளும்போதெல்லாம், "இன்னாத்துக்குப் பாப்பா பயப்படற? நைனா கீறேன் இல்ல" என்பார். தான் இருக்கிறேன் என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும்.

கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தேன். கோடையில் டி.வி. செய்தியின் அடியில், இன்று வெயில் கொளுத்திய ஊர்கள் என்று ஒரு வரிசை ஓடும். அதில் எங்கள் ஊர்ப் பெயர் இல்லாத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நாங்கள் குடியிருந்தது ஒரு காங்கிரீட் வீட்டின் மாடியில். சாயங்காலம் சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லில் வைத்தது போல இருக்கும். குழாயைத் திறந்தால் வெந்நீர். மின்விசிறி அந்த அனலையே சுற்றிச் சுற்றி எங்கள் முகத்தில் அடிக்கும். என் கணவர் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "மொதல்ல சூட்டச் சுத்தி செவுரு கட்டறோம், அப்பால அத்த வெரட்டறதுக்கு ஒரு மிஷின் மாட்டறோம். நமக்கு மூளை கீதா?" என்பார். அவர் தலைக்குள் மண் வீடு முளைத்தது அந்தத் துண்டுக்கு அடியில்தான்.

ஊருக்கு வெளியே ஆர்.கே.பேட்டை சாலையில் எங்களுக்கு ஒரு மனை இருந்தது. அங்கே நின்றுகொண்டு அவர் திட்டத்தைச் சொன்னார். மழைத் தண்ணீர் சேர்க்க ஒரு தொட்டி தோண்டுவோம், தோண்டிய மண்ணைச் சலித்து, கொஞ்சமே கொஞ்சம் சிமெண்ட் கலந்து, கை மிஷினில் அழுத்திக் கல் செய்வோம். சூளை கிடையாது, விறகு கிடையாது. மனையில் இருக்கும் வேப்ப மரத்தை வெட்ட மாட்டோம், வீடுதான் அதற்காக ஒதுங்கிக்கொள்ளும். குளிக்கிற தண்ணீர் வாழைக்குப் போகும். மேற்கு வெயில் விழும் பக்கம் ஜன்னலே வைக்க மாட்டோம். அவர் பேசப் பேச எனக்குக் கேட்டதெல்லாம் அந்த 'பொத்' மட்டும்தான்.

"மழையில கரைஞ்சிடாதா?" என்றேன். சொந்தக்காரர்களும் அதையேதான் கேட்டார்கள். அவர் வாதம் பண்ணவில்லை. முதலில் செய்து காய்ந்த கல் ஒன்றைக் கொண்டுவந்து, குளியலறையில் ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டுவிட்டார். குளிக்கப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். கல் கல்லாகவே கிடந்தது. ஒரு வாரத்துக்கு மேல் ஆனபின் எடுத்துத் தரையில் தட்டினேன், ணங்கென்றது. நம்பிக்கை வந்ததா என்று கேட்டால், பாதி வந்தது. மீதிப் பாதி, பக்கெட்டில் கல் இருக்கலாம், வீட்டில் மனுஷர்கள் இருப்பார்களே என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அம்மா போனபிறகு நைனா எங்களோடுதான் இருந்தார். மண் வீடு என்றதும் அவர் முகம் சுளித்தார். சுவர் எழும்ப எழும்ப அவருக்கே ஆசை வந்துவிட்டது. காலையில் காபி குடித்ததும் மனைக்குப் போய்விடுவார். கல்லுக்குத் தண்ணீர் தெளிப்பதும், வேலையாட்களிடம் ஊர்க்கதை பேசுவதும், வேப்ப மரத்தடியில் ஒரு தூக்கம் போடுவதுமாக அவருக்குப் பொழுது போனது. அம்மையார்குப்பத்தில் என் தம்பி தறிகளுக்குப் புதிதாகத் தகர ஷெட் போட்டிருந்தான். பழைய தறிக்கூடத்து ஓடுகள் அங்கே சும்மா அடுக்கிக் கிடந்தன. அவற்றை வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு வந்தவரும் நைனாதான். "எங்க கூடத்து ஓடு, எங்க பாப்பா வூட்டுத் தளத்துல உக்காரப் போவுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தார்.

அந்த ஓட்டில்தான் என் அடுத்த பயம் ஆரம்பித்தது. கூரையாகப் போடும் தளத்தின் அடிப்பாகத்துக் காங்கிரீட்டுக்குப் பாரம் தாங்கும் வேலை குறைவாம். கம்பிகளுக்கு நடுவே அந்த இடத்தில் பழைய ஓடுகளைப் பதித்துவிட்டால் சிமெண்டும் மிச்சம், சூடும் கீழே இறங்காதாம். வரைபடம் போட்ட பொறியாளர் பெண் அரக்கோணத்திலிருந்து வந்து எனக்கு இரண்டு முறை விளக்கினாள். எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: என் தலைக்கு மேலே காங்கிரீட் இருக்க வேண்டிய இடத்தில் ஓடு இருக்கப்போகிறது. தளம் போட்ட அன்று எல்லோருக்கும் பிரியாணி. நான் இலையைப் பார்த்துச் சாப்பிடவில்லை, தளத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

காங்கிரீட் இறுகும்வரை அதை அடியிலிருந்து இரும்புத் தகடுகள் தாங்க, தகடுகளைச் சவுக்குக் கட்டைகள் முட்டுக் கொடுத்துத் தாங்கின. இந்த செண்ட்ரிங் வேலை செய்தவர் அரக்கோணத்து பாய். அதிகம் பேசாத மனிதர். கூடம் முழுக்க வரிசை வரிசையாகக் கட்டைகளை நிறுத்தி, ஒவ்வொன்றின் காலிலும் ஆப்பு அடித்து இறுக்கிவிட்டு, கிளம்பும்போது எங்கள் மூவரையும் நிறுத்திச் சொன்னார். "நா வந்து கழட்டற வரைக்கும் ஒரு கட்டையையும் யாரும் தொடக் கூடாதுங்க. சின்ன வூடா இருந்தாலும் மேல கீறது பாரம்." நான் பலமாகத் தலையாட்டினேன். என் கணவரும் ஆட்டினார். நைனா, "ஆங், ஆங், அதெல்லாம் தெரியாதா?" என்றார்.

தளத்தின் மேல் சிமெண்டால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தோம். அதைப் பார்த்துப் பார்த்து நிரப்புவது என் வேலை. வெளியே சாத்திய ஏணியில் ஏறுவேன், தண்ணீர் விடுவேன், இறங்கிவிடுவேன். கூடத்துக்குள் ஒரு நாளும் கால் வைக்கவில்லை. நைனா அதே கட்டைகளுக்கு நடுவில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்குவார். வாசலில் நின்றபடியே அவரை எழுப்பிச் சாப்பாடு கொடுப்பேன்.

தளம் போட்டு ஒரு வாரம் கடந்திருந்தபோது ஆடிக் கிருத்திகை வந்தது. கிருத்திகைக்கு எங்கள் ஊரில் எந்த வேலையும் நடக்காது. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, அதற்கு அந்தப் பக்கம் ஆந்திராவிலிருந்தெல்லாம் காவடிகள் நடந்து வரும். எங்கள் மனை இருந்த சாலை முழுக்க மஞ்சள் வேட்டியும் பம்பைச் சத்தமும்தான். மேஸ்திரியும் ஆட்களும் லீவு. என் கணவர் வீட்டில் வருடா வருடம் காவடி எடுப்பார்கள். அவர் விடியும்போதே அவர்களோடு மலைக்குப் போய்விட்டார். மனைக்குக் காவல் நைனா ஒருவர்தான். நான் வீட்டில் வடை பாயசத்தோடு சமைத்து, அவருக்கு ஒரு தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது வானம் கறுத்திருந்தது. பாதி வழியில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஒரு பெட்டிக்கடையில் ஒதுங்கி நின்று, கொஞ்சம் விட்டதும் நடந்தேன்.

தூரத்திலேயே பம்பைச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. கதவு போடாத நிலைக்கால் வழியே எட்டிப் பார்த்தேன். மழைக்கு ஒதுங்கிய காவடிக் கூட்டம் ஒன்று கூடம் கொள்ளாமல் நின்றுகொண்டிருந்தது. பெண்கள், கைக்குழந்தைகள், பம்பைக்காரர்கள். நடுவே, பூவால் மூடிய பெரிய புஷ்பக் காவடி ஒன்று, அடுக்கிய மண் கற்களின் மேல் குறுக்கே போட்ட கட்டைகளில் வைக்கப்பட்டிருந்தது. எங்கள் வட்டாரத்தில், வழியில் காவடியை வெறும் தரையில் வைக்க மாட்டார்கள். மனையில் கிடந்த பலகைகள் எல்லாம் ஆட்கள் செருப்புக் காலோடு மிதித்தவை. அதனால் சுத்தமான கட்டைகளைத் தேடியிருக்கிறார்கள். காவடிக்கு அடியில் கிடந்தவை சவுக்குக் கட்டைகள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கூடத்தின் நடு வரிசையில் முட்டுகளுக்கு இடையே பெரிய பெரிய இடைவெளி.

நைனா கூட்டத்துக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "வா பாப்பா, சாமி நம்ம வூட்டுக்கு மொத மொதல்ல வந்துகீது பாரு!" அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. வீடு முடியும் முன்பே காவடி உள்ளே வந்தது பெரிய பாக்கியம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டேன். "கட்ட?" என்றேன். அவர் புரிந்துகொண்டார். "ஒண்ணு வுட்டு ஒண்ணுதான் எடுத்தேன். தறிக்கூடத்துல தறி எறக்கறப்ப நடுக்கம்பத்தையே எடுக்கலயா? ஒண்ணும் ஆவாது" என்றார்.

தறிக்கூடத்தின் மேலே இருந்தது ஓடு. இங்கே மேலே இருந்தது காங்கிரீட், அதன் மேல் நான் நிரப்பி வைத்திருந்த தண்ணீர், அதன் மேல் இப்போது பெய்த மழை.

கத்த வேண்டும் என்று தோன்றியது. வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் ஒரு குழந்தை ஓடிப்போய் மீதியிருந்த ஒரு முட்டுக் கட்டையைக் கட்டிக்கொண்டு சுற்றியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தளம் விழப்போகிறது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால், அத்தனை பேரும் இந்த ஒரே வாசலுக்குப் பாய்வார்கள். யாருடைய தோளாவது கட்டையில் இடிக்கும். ஆப்பு நழுவும். அதற்கப்புறம் அந்த 'பொத்'. மழையில் நனைந்திருந்தேன், ஆனாலும் முதுகில் வேர்ப்பது தனியாகத் தெரிந்தது. முருகா, முருகா என்று மட்டும்தான் வந்தது. அந்தப் பெயரைச் சொல்லும்போதுதான் எனக்கு அந்த யோசனையும் வந்தது.

வீட்டு வாசலுக்குக் காவடி வந்தால் அதை எடுத்து வருகிறவர் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவது எங்கள் வழக்கம். காவடி எடுத்தவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். எந்தச் சாமியும் அந்தத் தண்ணீரை வேண்டாமென்று சொல்ல மாட்டார். அதைவிட முக்கியம், காவடி எழுந்துவிட்டால் கூட்டத்தில் ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். காவடி முன்னால் போகும், மற்றவர்கள் பின்னால் போவார்கள். அடித்துப் பிடித்து யாரும் காவடியைத் தாண்டி ஓட மாட்டார்கள்.

கல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் பக்கெட் வெளியே மழையில் நிரம்பியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாலையோரம் நின்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. "சாமி! கால்ல தண்ணி ஊத்தணும் சாமி, வெளிய வாங்க!"

உள்ளேயிருந்து காவடிக்காரர் எட்டிப் பார்த்தார். நடுத்தர வயது, களைத்த முகம். "மழ இன்னும் தூறிக்கினு கீதே தாயி. அந்தத் தண்ணியிலயே காலு கழுவியாச்சு" என்றார்.

"வேண்டுதல் சாமி. வாசல்லதான் ஊத்தணும்."

"செத்த இரும்மா, வுடட்டும்."

"இப்பவே ஊத்தணும் சாமி!" அழுதுவிட்டேன். வேண்டுதலுக்காக அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் முகம் மாறியது. குனிந்து காவடிக்குத் தோள் கொடுத்தார். இரண்டு பேர் கைகொடுத்தார்கள். "கந்தனுக்கு" என்று ஒருவர் குரல் கொடுக்க, கூடம் முழுக்க "அரோகரா" என்றது. அந்தச் சத்தத்திலேயே தளம் இறங்கிவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது காவடி தலை தாழ்த்தி நிலைக்காலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அவர் காலில் தண்ணீர் ஊற்றினேன். பாதி அவர் காலிலும் மீதி என் காலிலும் விழுந்தது. கும்பிடக் குனிந்தவள் தலையைத் திருப்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் வந்தார்கள். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். ஒருத்தி வாசல்வரை வந்தவள் மறந்துவிட்ட பையை எடுக்கத் திரும்பினாள், "நா எடுத்துத் தரேன், நீ வாம்மா!" என்று அலறினேன். பம்பைக்காரர்கள் கடைசியாக வந்தார்கள். எல்லோரும் வந்துவிட்டார்கள், நைனா மட்டும் வரவில்லை.

அவர் உள்ளே, காவடிக்கு அடியில் கிடந்த கட்டை ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தார். என் அழுகை அவருக்கு என்ன ஏது என்று சொல்லிவிட்டிருந்தது. "நைனா, வெளிய வா!" என்று கத்தினேன். இப்போது கத்தலாம்.

"இரு பாப்பா. எடுத்தத வெச்சிட்டு வரேன்."

"வேணாம் நைனா, பாய் வரட்டும். வா நைனா!"

அவர் வரவில்லை. கட்டையைத் தகட்டுக்கு அடியில் கொடுத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கீழே ஆப்பைத் தேடினார். ஒரு ஆள் செய்யும் வேலை இல்லை அது. ஒருவர் பிடிக்க வேண்டும், இன்னொருவர் அடிக்க வேண்டும். கட்டை சரிந்து சரிந்து வந்தது. அப்போது மேலே எங்கேயோ 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். பல்லி சொன்னதாகக்கூட இருக்கலாம். நைனா அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். அவர் கட்டையைப் பிடித்திருந்த கை நடுங்குவது வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

நான் உள்ளே போனேன். தைரியம் வந்து போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம் குறையவே இல்லை. அவர் தனியாக அங்கே நிற்பதைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது, அவ்வளவுதான். தளம் போட்ட பிறகு அந்தக் கூடத்துக்குள் என் முதல் காலடி அதுதான். போய்க் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "அடி நைனா" என்றேன். அவர் குனிந்து அடித்தார். முதல் அடி ஆப்பில் விழவில்லை, தரையில் விழுந்தது. அடுத்தது விழுந்தது. கட்டை என் கைக்குள் இறுகுவதை உணர்ந்தேன். அடுத்த கட்டைக்குப் போனோம். நான் மேலே பார்க்கவே இல்லை, கட்டையில் சவுக்குப் பட்டை உரிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சாமி பெயர் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டபோது, "ஒண்ணு வுட்டு ஒண்ணுதான எடுத்தேன், ஒண்ணு வுட்டு ஒண்ணுதான" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிக் கட்டையும் இறுகியபின் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேப்ப மரத்தடியில் இரண்டு பேரும் ஈரத்திலேயே உட்கார்ந்தோம். காவடி சாலைத் திருப்பத்தைத் தாண்டியிருந்தது. அரோகரா மட்டும் கேட்டது. "அத்தினி பேரு பாப்பா. கொழந்தைங்க வேற" என்றார் நைனா. தூக்குச்சட்டி எங்கேயோ கவிழ்ந்து பாயசம் மழைத் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது.

கிருத்திகைக் கூட்டத்தில் யாருக்கும் போன் கிடைக்கவில்லை. பாய்க்கு லைன் கிடைக்கவே வெகு நேரம் ஆனது. அவர் பைக்கில் வந்து இறங்கி, முதலில் மேலே ஏறிப் பாத்தியை உடைத்துத் தண்ணீரை வடித்தார். பிறகு உள்ளே போய் ஒவ்வொரு முட்டாகத் தட்டிப் பார்த்தார். "யாரு எடுத்தது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான்" என்றார் நைனா. பாய் ஒரு வண்டியை வரவழைத்தார். இன்னும் கொஞ்சம் கட்டைகளை இறக்கி, இருந்த வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை நிறுத்தினார். அவர் திட்டியிருந்தால் நைனாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

என் கணவர் நெற்றி நிறைய விபூதியோடு, கையில் பஞ்சாமிர்தத்தோடு வந்தார். நான் சொன்னதைக் கேட்டு முதலில், "நீ எதுக்குத்தான் பயப்படல?" என்று சிரித்தார். நான் அவரைக் கூட்டிப்போய், அடுக்கிய கற்களின் மேல் அப்படியே சிதறிக் கிடந்த காவடிப் பூக்களைக் காட்டினேன். முட்டுகள் இருந்த வரிசையையும் காட்டினேன். பஞ்சாமிர்தத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பொறியாளர் பெண் வந்து விளக்கடித்துப் பார்த்து, மேலே ஓரத்தில் ஒரு முடி போன்ற விரிசலைக் கண்டுபிடித்தாள். அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டாள். "தாங்கியிருக்கும். தாங்காமலும் போயிருக்கலாம். என்னால சொல்ல முடியல" என்றாள். பொய் சொல்லாமல் போனாளே என்று எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. தூக்கம்தான் வரவில்லை.

சொன்ன கெடுவைவிட வெகு நாள் தள்ளித்தான் முட்டுகளைக் கழற்றினோம். விரிசல் பென்சில் கோட்டைத் தாண்டவில்லை. பூசி மெழுகி, தை மாதம் பால் காய்ச்சிக் குடிவந்தோம். அடுத்த கோடையில் வெயில் வழக்கம் போலக் கொளுத்தியது, டி.வி.யில் எங்கள் ஊர்ப் பெயர் ஓடியது, நாங்கள் மத்தியானத்தில் போர்வை தேடாத குறைதான். ஐப்பசி மழையைத் தாங்குமா என்று கேட்ட சொந்தக்காரர்கள் எல்லாம், வெயிலுக்கு எங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொண்டார்கள். நான் சுவரோரம் படுக்கப் பழகினேன். தலைக்கு மேலே எங்கள் தறிக்கூடத்து ஓடுகளின் அடிப்பக்கம் சிவப்பாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கியும்விடுவேன்.

நைனா அந்தக் கூடத்தில் படுக்கவில்லை. வேப்ப மரத்துப் பக்கம் இருந்த சின்ன அறையில் கட்டில் போட்டுக்கொண்டார். காற்று நன்றாக வருகிறது என்று சொன்னார். நான்கு பேர் விருந்தாளியாக வந்து கூடத்தில் உட்கார்ந்தால், பேச்சுக்கு நடுவே அவர் கண் மேலே போய்விட்டு வரும். அதை நான் கவனிக்காதது போல இருந்துவிடுவேன்.

மறு வருடம் ஆடிக் கிருத்திகைக்கு அதே கூட்டம் வந்தது. மழை இல்லை, நல்ல வெயில். சாலையில் நின்று அந்தக் காவடிக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வேண்டுதல் பலிச்சிதா தாயி?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பலிச்சிது சாமி, உள்ள வாங்க" என்றேன். இந்த முறை புதுப் பலகை போட்டு, மஞ்சள் பூசித் தயாராக வைத்திருந்தேன். காவடி அதில் அமர்ந்தது. பெண்கள் குளிர்ந்த தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, "ஐயோ, இன்னா ஜில்லுனு கீது!" என்றார்கள். குழந்தைகள் கூடம் முழுக்க ஓடின. நான் மோர் ஊற்றிக்கொண்டே போனேன்.

அறையிலிருந்து நைனா வந்தார். கூட்டத்தை ஒரு தரம் பார்த்தார். மேலே ஒரு தரம் பார்த்தார். மெதுவாக விலக்கிக்கொண்டு நடந்துபோய்க் கூடத்துக்கு நடுவில் ஓர் இடத்தில் நின்றார். இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டார். அந்த இடத்தை எனக்குத் தெரியும். அவர் எடுத்த முட்டு ஒன்று நின்ற இடம் அது. நான் பிடித்துக்கொள்ள, அவர் ஆப்பு அடித்த இடம்.

மோர் தம்ளரை நீட்டினேன். வாங்கவில்லை. "ஒக்காரு நைனா. எவ்ளோ நேரம் நிப்ப?" என்றேன்.

"அவங்கள்ளாம் போவட்டும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பழைய குரலைத் தேடிப் பிடித்து, "நீ பயப்படாத பாப்பா. நைனா கீறேன் இல்ல" என்றார். கடைசி ஆள் வெளியே போகும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.